பேரை விட்டு நம்பரைப் பிடித்த கதை

எங்க கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வட ஆற்காட்டிலிருந்து நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். "கப்பலேறினாரு, திரும்பலை" என்பதோடு வீட்டில் கதை முடிந்துவிடும். செத்த நாள் தெரியாததால், ஆடி அமாவாசையில் மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் ஒரு இலை போடுவார்கள்.

முதலில் பேரை வைத்துத் தேடினேன். அது வீண் வேலை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். அவர்கள் சொன்ன பேரை, காதில் விழுந்தபடி குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதினார். அங்கே முனுசாமி மூன்சாமி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார். எங்க ஆளின் பேரோ தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பேர்!

ஆனால் வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு நம்பர் கொடுத்தது. கப்பல் பதிவேட்டில் நம்பரோடு அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை இருக்கும். பேரை ஒதுக்கிவிட்டு அப்பா பேரையும் கிராமத்தையும் சேர்த்துத் தேடினேன். கிராமத்தின் ஆங்கில எழுத்தை வாய்விட்டுப் படித்தபோதுதான் எங்க ஊர் என்று பிடிபட்டது. ஆள் கிடைத்தார், நம்பரும் கிடைத்தது.

அடுத்தது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த இறப்பு அறிவிப்பின் நகல். பேர் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் அதே நம்பர். பிறந்த ஊர் 'மெட்ராஸ்', தகப்பன் பேர் 'தெரியாது' என்று எழுதியிருந்தது. இதை மட்டும் நம்பியிருந்தால் அவரைத் தொலைத்திருப்பேன்.

ஏன் இந்த வித்தியாசம்? கப்பலேறும்போது தகவல் சொன்னவர் அவரே. இறந்தபோது சொன்னது இந்தியாவையே பார்க்காத மகன். அவனுக்கு அப்பாவின் ஊர் என்பது கப்பல் புறப்பட்ட துறைமுகம்தான். அதனால் எந்த ஆவணம் கையில் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இதைச் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும்? பிறப்புக்கும் ஊருக்கும் கப்பல் பதிவேடு. இறந்த நாளுக்கும் பிள்ளைகளுக்கும் இறப்பு அறிவிப்பு. இரண்டையும் கட்டும் கயிறு நம்பர்.

மனுஷனை எண்ணாக்கியது ஒரு கொடுமைதான். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வைக்கப் போட்ட நம்பர் அது. அதே நம்பர்தான் அவரை எங்களிடம் திருப்பிக் கொண்டுவந்தது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் புரியவில்லை.

தேதியை அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டாங்க: "அன்னிக்கு என்ன திதின்னு பாருடா."