ஏற்பி

‘ஏல்’ என்னும் வினைக்கு வாங்கிக்கொள்ளுதல், இசைதல் என்ற பொருள்கள் உண்டு. அதன்வழி வந்த ஏற்பு, ‘இ’ விகுதி பெற்று ஏற்பி ஆயிற்று: தனக்குரிய வேதிச் செய்தியை ஏற்று உயிரணுவுக்குள் கடத்தும் புரதம்.

வலியில் முக்கியமான ஏற்பிகளுள் ஒன்று ‘டிரக்-ஏ’. ரீட்டா லெவி-மான்டல்சினி 1950களில் கண்டறிந்த நரம்பு வளர்ச்சிக் காரணியை ஏற்கிறது இது. கருவில் அக்காரணி வலியுணர் நரம்புகளை வாழவைக்கிறது. வளர்ந்த உடலிலோ, அழற்சி கண்ட இடத்தில் பெருகி, சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் இன்னோர் ஏற்பியைக் கூர்மையாக்குகிறது. புண்பட்ட தோலில் இளஞ்சூடும் சுடுவதில் இதற்குப் பங்குண்டு.

பிறவியிலேயே டிரக்-ஏ பழுதான குழந்தைகளுக்கு வலி தெரியாது, வியர்க்காது. எலும்பு முறிந்தாலும் உணரமாட்டார்கள். அதை வரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் டானெசுமாப் மருந்து மூட்டுவலியைத் தணித்தது. சிலருக்கு மூட்டே விரைந்து சிதைந்தது.