யமுனை லீவில் போன பாதை

ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டாத தில்லித் தமிழர் யாரும் இருக்க முடியாது. குதுப் மினார், பிர்லா மந்திர், ராஜ்காட், மலை மந்திர், நேரமிருந்தால் ஆக்ரா. இந்தப் பட்டியலில் சேராத ஒரு பாதையைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். லால் கிலா மெட்ரோவில் இறங்கி, வடக்கே சென்று, சிவில் லைன்ஸ் மெட்ரோவில் ஏறிவிடலாம். நாலைந்து கிலோமீட்டர்தான். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள்கூட மெள்ள நடந்துவிடலாம். சைக்கிள் விடுபவர்களுக்கு இன்னும் சௌகரியம்.

அடியேன் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, 1973-ம் வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவன். முதலில் கிடைத்த குவார்ட்டர்ஸ் திமார்பூரில். பக்கத்து பிளாக்கில் இருந்த பாலக்காட்டு நண்பர்தான் இந்தப் பாதையை எனக்கு அறிமுகம் செய்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கீழே நின்று சைக்கிள் மணி அடிப்பார். ரிட்டயரான பிறகு சைக்கிளை விட்டு நடைக்கு மாறினோம். பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

கோட்டையும் ஆறும்

செங்கோட்டையைக் கிழக்குப் பக்கத்திலிருந்து கவனித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஷாஜஹான் 1639-ல் அஸ்திவாரம் போட்டு 1648-ல் முடித்த இந்தக் கோட்டையின் கிழக்குச் சுவரின் கீழேதான் அன்று யமுனை ஓடிற்று. அரண்மனை மண்டபங்கள் வரிசையாகக் கிழக்கு பார்த்து நிற்பதற்குக் காரணம் ஆற்றுக் காற்றுதான். சுவருக்கும் ஜலத்துக்கும் நடுவே ஒரு மணல்வெளி. அங்கே யானைச் சண்டை நடக்கும். ஜனங்கள் கூடி நின்று, உப்பரிகையில் தோன்றும் பாதுஷாவை தரிசனம் செய்வார்கள். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் அதே உப்பரிகையிலிருந்துதான் ஜனங்களுக்குக் காட்சி தந்தார்கள். இன்று அந்த வெளியில் ரிங் ரோடு ஓடுகிறது. யமுனை கிழக்கே தள்ளிப் போய்விட்டது. பக்கத்திலுள்ள சலீம்கட், ஷேர்ஷாவின் மகன் இஸ்லாம் ஷா 1546-ல் கட்டியது. அது அப்போது ஆற்றின் நடுவே தீவாக இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆறு ஏன் விலகிற்று? வண்டல் சமவெளியில் ஓடும் எந்த நதியும் வளைந்துதான் ஓடும். வளைவின் வெளிக்கரையில் வேகம் அதிகம், அங்கே மண் அரிக்கும். உட்கரையில் வேகம் குறைவு, அங்கே வண்டல் படியும். இப்படி அரித்தும் படிந்தும் படுகையே இடம் மாறும். அதோடு, மேலே தாஜேவாலாவில் அணை கட்டிப் பாசனக் கால்வாய்களுக்கு ஜலத்தைத் திருப்பிய பிறகு, மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் தில்லிக்கு வரும் நீர் மெலிந்துவிட்டது. ஒதுங்கிய இடத்தில் மனிதர்கள் கரையையும் சாலையையும் போட்டுவிட்டார்கள்.

நிகம்போத் கரை

அடுத்து நிகம்போத் காட். நிகமம் என்றால் வேதம், போதம் என்றால் அறிவு. பிரம்மா தாம் மறந்த வேதங்களை இங்கே திரும்பப் பெற்றார் என்பது ஐதீகம். இன்று தில்லிவாசிகளுக்கு இது மயானம். நம்மில் எத்தனையோ பேர் பெரியவர்களைக் கடைசியாக இங்கேதான் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

இதே கரையில் இருந்த தம் மாளிகையில்தான், ஷாஜஹானின் மூத்த குமாரர் தாரா ஷிகோ, பண்டிதர்களை வைத்துக்கொண்டு ஐம்பது உபநிஷத்துக்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து 1657-ல் முடித்தார். இரண்டே வருஷத்தில் தம்பி ஔரங்கசீப் அவரைக் கொன்றுவிட்டார். ஆனால் அந்த நூல் பிழைத்தது. பிரெஞ்சுக்காரர் ஆங்கெத்தில் துபெரோன் அதை லத்தீனில் மாற்றி 1801-லும் 1802-லும் வெளியிட, அதைப் படித்துத்தான் ஜெர்மனியில் ஷோப்பன்ஹவர் உபநிஷத்தைக் கொண்டாடினார். நம் வேதாந்தம் ஐரோப்பாவுக்குப் போன வழிகளில் முக்கியமானது இந்த ஆற்றங்கரையில் தொடங்கியது.

காஷ்மீரி கேட் அருகே தாரா ஷிகோவின் நூலகம் என்று அழைக்கப்படும் கட்டடம் இருக்கிறது. 1803-ல் தில்லியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் தங்கள் முதல் ரெஸிடெண்ட் ஆக்டர்லோனியை இங்கே குடிவைத்து, முகப்பில் ஐரோப்பியத் தூண்களை நிறுத்தினார்கள். பின்னால் சென்றால் மொகலாயத் தூண்கள் தெரியும். 2023 முதல் இதில் தேசப் பிரிவினை பற்றிய மியூசியம் நடக்கிறது.

குத்ஸியா பாக்

ஐ.எஸ்.பி.டி. பஸ் நிலையத்தின் இரைச்சலைத் தாண்டினால் குத்ஸியா பாக். நாட்டியக்காரியாக இருந்து முகம்மது ஷா பாதுஷாவின் மனைவியான உதம் பாய், மகன் அகமது ஷா பட்டத்துக்கு வந்ததும் குத்ஸியா பேகம் ஆனார். 1748 வாக்கில் ஆற்றோரம் இந்த அரண்மனையையும் தோட்டத்தையும் அமைத்தார். ஆங்கில ஓவியர் டேனியல் 1795-ல் வெளியிட்ட சித்திரத்தில், கோபுரங்களோடு கூடிய நீண்ட மாளிகை யமுனைக் கரையிலேயே நிற்கிறது. 1754-ல் மகனைப் பதவியிறக்கிக் கண்ணைக் குருடாக்கினார்கள். 1857 முற்றுகையின்போது ஆங்கிலேயர் தங்கள் பீரங்கிகளில் சிலவற்றை இந்தத் தோட்டத்தில்தான் நிறுத்தினார்கள். இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாயில், ஒரு மசூதி, சில மண்டபங்கள். காலையில் பெரியவர்கள் யோகாசனம் செய்கிறார்கள்.

மெட்காஃப் ஹவுஸ்

இன்னும் வடக்கே மெட்காஃப் ஹவுஸ். 1835 வாக்கில் தாமஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி கட்டியது. ஜனங்கள் வாயில் அது 'மட்கா கோட்டி' ஆயிற்று. வெயிலுக்குத் தப்ப நிலவறைகள், பெரிய புஸ்தக சாலை எல்லாம் இருந்தன. 1857-ல் சுற்றுப்புற குஜ்ஜர் கிராமத்தார் அதைச் சூறையாடினார்கள். தங்கள் நிலத்தைப் பறித்துக் கட்டிய வீடு என்ற கோபம் அவர்களுக்கு. பிறகு பழுதுபார்த்து, 1920-களில் மேல்சபை இங்கே கூடிற்று. 1947 ஏப்ரல் 21-ந் தேதி சர்தார் படேல் இங்கேதான் புதிய ஐ.ஏ.எஸ். பயிற்சியாளர்களிடையே பேசினார். ஏப்ரல் 21 சிவில் சர்வீஸ் தினமாக அனுசரிக்கப்படுவது அதனால்தான். இப்போது ராணுவ ஆராய்ச்சித் துறையின் வளாகம். உள்ளே அனுமதி இல்லை, வெளியிலிருந்து நமஸ்காரம் போடலாம்.

லீவில் போன ஆறு

நிற்க. 1978 செப்டம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அன்று பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் 207.49 மீட்டர். மாடல் டவுன் பக்கம் ஜலம் புகுந்து பல நாள் வடியவில்லை. தெரிந்த குடும்பம் ஒன்று, இரண்டு குழந்தைகளோடு, எங்கள் குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு நாள் தங்கியது. என் சகதர்மிணி ஒரே ஸ்டவ்வில் ஒன்பது பேருக்குச் சமைத்தாள். அப்போது நண்பர் சொன்னார்: "ஓய், ஆறு ரிட்டயர் ஆயிடுத்துன்னு எல்லாரும் நினைச்சுண்டிருக்கா. அது லீவிலே போயிருக்கு. என்னிக்கு வேணும்னாலும் டியூட்டிக்குத் திரும்பும்."

திரும்பிற்று. 2023 ஜூலை 13-ந் தேதி 208.66 மீட்டர். ரிங் ரோடு முழுகி, செங்கோட்டையின் பின்சுவரை யமுனை மறுபடி தொட்டது. டேனியல் வரைந்த காட்சி டி.வி.யில் தெரிவதுபோல் இருந்தது. அந்த வாரம்தான் என் நண்பர் காலமானார். நிகம்போத் காட்டில் ஜலம் புகுந்து மூடியிருந்ததால், அவர் விரும்பிய இடத்துக்கு அவரைக் கொண்டுபோக முடியவில்லை. வேறு மயானத்துக்குச் சுற்றிச் சுற்றிப் போனோம். அவர் வார்த்தை பலித்த வாரத்தில் அவரிடம் அதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

கணக்கைப் பாருங்கள். 1978-ல் மேலிருந்து திறந்துவிடப்பட்ட ஜலம் ஏறத்தாழ 7 லட்சம் கன அடி. 2023-ல் சுமார் 3.6 லட்சம். பாதி நீர், ஆனால் மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் அதிகம். இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பாத்திரம் சிறுத்தால் ஜலம் உயரும். வண்டல் மேடிட்டது, பாலங்கள் பெருகின, வெள்ளச் சமவெளியில் கட்டடங்கள் வந்தன, ஐ.டி.ஓ. தடுப்பணையில் சில மதகுகளைத் திறக்க முடியவில்லை. மொகலாயர்கள் மாளிகைக்கும் ஆற்றுக்கும் நடுவே மணல்வெளியை விட்டுவைத்தார்கள். நம் காவிரிக் கரையிலும் ஆடிப் பெருக்கில் ஏறி வரும் ஜலத்துக்குப் படித்துறை கட்டினார்கள். நாம் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டோம்.

ஐ.எஸ்.பி.டி. அருகே 2024-ல் திறந்த வாசுதேவ் காட்டில் இப்போது படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க முடிகிறது. சந்தோஷம். படித்துறையும் தோட்டமும் இருக்கட்டும், வெள்ளம் வந்தால் தாங்கும். அதற்கு மேல் சிமெண்டும் ஹாலும் வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அன்பர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாம். ரிங் ரோடில் வண்டிகள் வேகமாக வரும், சைக்கிளில் போகிறவர்கள் சிவில் லைன்ஸ் உட்தெருக்களைப் பிடிப்பது உத்தமம். திங்கட்கிழமை செங்கோட்டை விடுமுறை. பேரன் பேத்திகளை அவசியம் அழைத்துப் போங்கள். கோட்டையின் பின்சுவரைக் காட்டி, ஆறு இதுவரைக்கும் வரும் என்று சொல்லி வையுங்கள்.