தியன் பியன் பூ: சுமந்தவர்கள் வென்ற களம்

வியட்நாமின் வடமேற்கு மூலையில், லாவோஸ் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது தியன் பியன் பூ. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கு. சுற்றிலும் காடடர்ந்த மலைகள், நடுவே நாம் ரோம் ஆறு, இரு கரையிலும் தை இன மக்களின் நெல்வயல்கள். 1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சுப் பாராசூட் வீரர்கள் அந்த வயல்களில் வந்து குதித்தார்கள். இந்தோசீனாவில் பிரான்ஸ் ஏழாண்டுகளாக நடத்திவந்த போருக்கு முடிவு கட்டப்போகும் இடம் இதுதான் என்று அவர்களை அனுப்பிய தளபதி ஆன்ரி நவார் நினைத்திருக்க வாய்ப்பில்லை. லாவோஸுக்குப் போகும் வழியை அடைப்பது, ஹோ சி மின்னின் வியட் மின் படையை வெட்டவெளிக்கு இழுத்து நொறுக்குவது, இவையே அவர் போட்ட திட்டம்.

அந்தத் திட்டத்துக்கு முன்னுதாரணம் இருந்தது. ஓராண்டுக்கு முன் நா சான் என்ற மலையூரில் விமானத்தளம் ஒன்றைச் சுற்றி அரண் அமைத்து, வியட் மின்னின் தாக்குதலைப் பிரெஞ்சுக்காரர்கள் முறியடித்திருந்தார்கள். ஆனால் அங்கே சுற்றியிருந்த மேடுகளில் அவர்களே இருந்தார்கள். தியன் பியன் பூவிலோ பள்ளம் அவர்களுக்கு, மலை எதிரிக்கு.

சாலை வழி அடைபட்டிருந்ததால் அரிசியும் தோட்டாவும் முள்கம்பியும் ஒயினும் விமானத்தில்தான் வரவேண்டும். 10 டாங்கிகளைக்கூடப் பாகம் பாகமாகக் கழற்றி ஏற்றிவந்து அங்கே பூட்டினார்கள். பியாட்ரிஸ், காப்ரியேல், எலியான், இசபெல் என்று பெண் பெயர் சூட்டிய அரண்களில் வெளிநாட்டுப் படையணியினர், அல்ஜீரியர், மொராக்கோக்காரர், தை இனத்தவர், பிரெஞ்சுச் சீருடை அணிந்த வியட்நாமியர் எனப் பல நாட்டாரும் காவல் நின்றார்கள். தளபதி கர்னல் த காஸ்ட்ரி.

பிரெஞ்சுத் தரப்பின் நம்பிக்கை மூன்று கணக்குகளில் நின்றது. பாதையில்லாத மலையில் எதிரியால் கனரக பீரங்கிகளை ஏற்ற முடியாது. ஏற்றினாலும் குண்டும் சோறும் கொண்டுவந்து கட்டுபடியாகாது. சுட்டாலும் சில நிமிடங்களில் அந்தப் பீரங்கிகளை அடக்கிவிடலாம்.

முதல் கணக்கைப் பொய்யாக்கியவர் வோ நுயென் கியாப். ஹனோயில் பள்ளி மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து, பிறகு படைத்தலைவரான மனிதர். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள 105 மில்லிமீட்டர் பீரங்கிகளைக் காட்டுச் சரிவுகளில் கயிறு கட்டி நூற்றுக்கணக்கானோர் கையால் இழுத்தார்கள். மேலே சேர்த்து முடித்த நிலையில், 1954 ஜனவரி இறுதியில், தாக்குதலைத் தள்ளிப்போட்டார் கியாப். அரண் வலுத்துவிட்டது, அவசரப்பட்டால் தோற்போம் என்பது அவர் முடிவு. தன் வாழ்நாளில் எடுத்த முடிவுகளிலேயே கடினமானது அதுதான் என்று பின்னாளில் சொன்னார். பீரங்கிகளை மறுபடி இறக்கி, புதிய இடங்களுக்கு இழுக்க வேண்டியிருந்தது. அப்படி இறக்கும்போது சரிவில் நழுவிய விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றின் சக்கரத்துக்குத் தன் உடலையே முட்டாகக் கொடுத்து இறந்த தோ வின் தியன், இன்றும் வியட்நாமியப் பள்ளிப் பாடங்களில் இருக்கிறார்.

இரண்டாம் கணக்கு சைக்கிளால் பொய்த்தது. அந்தப் போர்முனைக்கு 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சுமை தூக்கினார்கள் என்றும், சுமார் 21,000 சைக்கிள்கள் ஓடின என்றும் வியட்நாம் அரசு கணக்குச் சொல்கிறது. ஓடின என்பதைவிடத் தள்ளப்பட்டன என்பதே சரி. ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டிக்கொண்டால், சைக்கிளை ஒட்டி நடந்தபடியே திருப்பலாம். இருக்கைக்குப் பின்னால் செங்குத்தாக இன்னொரு கழி, தள்ளவும் தாங்கவும். சட்டத்துக்கு இரும்பிலோ மரத்திலோ முட்டு. டயர் வெடிக்காமலிருக்கப் பழைய துணியை உள்ளே சுற்றினார்கள். ஒருவர் தோளில் 20, 25 கிலோ சுமக்கும் பாதையில், இப்படிப்பட்ட சைக்கிள் 200 கிலோவுக்கு மேல் கொண்டுபோனது. பகலில் விமானங்கள் குண்டு வீசிப் பெயர்த்த பாதையை இரவில் ஊர்மக்கள் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினார்கள்.

மார்ச் 13 மாலை பீரங்கிகள் முழங்கின. அன்றிரவே பியாட்ரிஸ் விழுந்தது. அடுத்த நாள் இரவில் காப்ரியேல் தாக்கப்பட்டு மார்ச் 15 காலையில் கைமாறியது. வியட் மின் பீரங்கிகள் மலையைக் குடைந்த பதுங்குகுழிகளுக்குள் இருந்து சுட்டன. பிரெஞ்சுப் பீரங்கிகளோ எல்லாத் திசையிலும் திரும்ப வசதியாகத் திறந்த குழிகளில் நின்றன. எதிரியின் பீரங்கிகளை அடக்கிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்த பீரங்கிப் படைத் தலைவர் ஷார்ல் பிரோத், முந்தைய போரில் ஒரு கையை இழந்தவர். தன் பதுங்குகுழியில் கையெறி குண்டை வெடித்துத் தற்கொலை செய்துகொண்டார். வீரர்களின் மனம் உடைந்துவிடும் என்று அந்தச் செய்தியை மறைக்கப் பார்த்தார்கள். மூன்றாம் கணக்கும் அவரோடு முடிந்தது.

மார்ச் மாத இறுதிக்குள் ஓடுதளத்தில் விமானம் இறங்க முடியாமல் போயிற்று. அதன்பின் பாராசூட்டில் போட்டதுதான் சோறும் மருந்தும். அரண் சுருங்கச் சுருங்க, போட்டவற்றில் ஒரு பங்கு எதிரியின் பக்கம் விழுந்தது. அப்படிக் கிடைத்த 105 மில்லிமீட்டர் குண்டுகளை வியட் மின் அதே அளவுள்ள தன் பீரங்கிகளில் போட்டுத் திருப்பிச் சுட்டது. ஏப்ரலில் மழை பிடித்துக்கொள்ள, பள்ளத்திலிருந்த அகழிகளில் காயம்பட்டவர்கள் சேற்றில் கிடந்தார்கள்.

கடைசிவரை நின்றது எலியான் 2. வியட்நாமியர் அதை ஏ1 குன்று என்கிறார்கள். மேலே ஏற முடியாததால் அடியில் சுரங்கம் தோண்டி, ஏறக்குறைய ஒரு டன் வெடிமருந்தை அடைத்து, மே 6 இரவு வெடித்தார்கள். மறுநாள் மாலை த காஸ்ட்ரி பிடிபட்டார். முற்றுகை 56 நாள் நீடித்திருந்தது. சுரங்கம் வெடித்த பள்ளம் அந்தக் குன்றில் இன்றும் அப்படியே இருக்கிறது. எதிரே உள்ள மயானத்தின் 644 கல்லறைகளில் நான்கில் மட்டுமே பெயர் உண்டு. பழைய ஓடுதளம் இருந்த இடத்தில் இப்போது பயணிகள் விமானம் இறங்குகிறது.

வியட்நாம் தன் தரப்பில் இறந்தவர்கள் 4,020 பேர் என்கிறது. மேற்கத்திய மதிப்பீடுகள் அதைப்போல் இரு மடங்கு சொல்கின்றன. பிடிபட்ட 10,000க்கும் மேற்பட்டோர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டார்கள். நோயிலும் பசியிலும் பலர் மடிய, சில மாதங்கள் கழித்துப் பிரான்ஸிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் சுமார் 3,300 பேர்தான்.

தளம் விழுந்த மறுநாள், மே 8 அன்று, ஜெனீவாவில் இந்தோசீனப் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஜூனில் பிரதமரான மெந்தெஸ் பிரான்ஸ், ஒரு மாதத்துக்குள் சமாதானம் கொண்டுவராவிட்டால் பதவி விலகுவேன் என்று அறிவித்து, ஜூலையில் உடன்பாட்டை முடித்தார். வியட்நாம் 17ஆம் அட்சக்கோட்டில் இரண்டாகப் பிரிந்தது. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க அமைந்த சர்வதேச ஆணையத்துக்கு இந்தியா தலைமை ஏற்றது.

பிரெஞ்சுப் பேரரசின் மற்ற மூலைகளும் அந்த ஆண்டு அசைந்தன. 1954 நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. தியன் பியன் பூவில் சிறைப்பட்டு மீண்ட அல்ஜீரிய வீரர்கள் சிலர் பின்னர் அதில் சேர்ந்தார்கள். அதே நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்திருந்தார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஊர் திரும்பிய ‘சொல்தா’க்கள் பலர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்து, பிரெஞ்சு அரசின் ஓய்வூதியத்தைப் பல பத்தாண்டுகள் வாங்கிவந்தார்கள்.