அந்தரங்க உறுப்பில் துளையிட்டு அணிகலன் பூணுதல்: முன்னரே அறிய வேண்டியவை

பிறப்புறுப்பில் துளையிட்டுக்கொள்வது 18 வயது நிரம்பியோர் தாமே ஆராய்ந்து எடுக்க வேண்டிய முடிவாகும். வேல்ஸ் நாட்டில் அவ்வயதிற்குட்பட்டோருக்கு இதனைச் செய்வது 2018 பிப்ரவரி முதல் குற்றம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். நீரிழிவு, இதய வால்வு நோய் உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் முதலில் மருத்துவரிடம் கேட்டறிக.

பெரும் அபாயம் ஊசியில்தான் உள்ளது. கிருமி நீக்கப்படாத ஊசி வழியாக ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவக்கூடும். இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே தடுப்பூசி உண்டு. எனவே புதிய ஊசியின் உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். இதைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். காது குத்தும் துப்பாக்கி இவ்விடத்திற்கு அறவே ஆகாது. நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு ஒவ்வாமை தரும். உடலில் பதிக்கத் தகுந்த டைட்டானியம் ஏற்றது.

மெல்லிய தோல் மடிப்பில் இட்ட துளை சில வாரங்களில் ஆறும். ஆண்குறி மொட்டை ஊடுருவும் துளை ஆறப் பல மாதங்கள் ஆகும். அதுவரை உடலுறவைத் தவிர்த்தல் நலம். ஆறிய பின்னரும் அணிகலன் ஆணுறையைக் கிழிக்கக்கூடும்.

சீழ், காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு, சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அணிகலனை நீங்களே கழற்ற வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளே தங்கிவிடும்.