சென்னின் மூக்குக் கண்ணாடி

வங்காளத்தில், ஹூக்ளி நதிக்கரையில் இருக்கிறது சந்திரநாகூர். புதுச்சேரி, காரைக்காலைப் போல அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்தான். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் பெயரைத் தாங்கிய பழைய மாளிகை இன்று அங்கே அருங்காட்சியகம். அதற்குள் ஒரு மூக்குக் கண்ணாடி இருக்கிறது. உடைந்தது, ரத்தக்கறை படிந்தது. முதல் உலகப் போரில் இந்தியர்களின் பங்கை ஆராய்ந்துகொண்டிருந்த சாந்தனு தாஸ், 2005-ல் அதைக் கண்டு திகைத்து நின்றார்.

கண்ணாடிக்குச் சொந்தக்காரர் ஜோகேந்திரநாத் சென். உள்ளூர்ப் பிள்ளை. 1910-ல் பொறியியல் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனவர், படிப்பு முடிந்ததும் அந்த மாநகராட்சியின் மின்விளக்குத் துறையிலேயே உதவிப் பொறியாளராக அமர்ந்தார்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. அடுத்த மாதமே லீட்ஸ் இளைஞர்களுக்கென்று தனிப் பட்டாளம் திரட்டினார்கள். ஒரே அலுவலகம், ஒரே தெரு என்று பழகியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாகப் போரிடலாம். அதனால் 'லீட்ஸ் பால்ஸ்' என்று பெயர்; லீட்ஸ் சேக்காளிகள். முந்திக்கொண்டு பெயர் கொடுத்தவர்களில் சென்னும் ஒருவர்.

பட்டாளத்திலேயே அதிகம் படித்தவர் சென்தான், ஏழு மொழி பேசுவார் என்று சக சிப்பாய் ஆர்தர் டால்பி, 1988-ல் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்தார். ஆனால் சட்டைக் கையில் ஒற்றைப் பட்டைகூட ஏறவில்லை. வெள்ளைக்காரனுக்கு மேலே கறுப்பு நிறத்தவனை வைக்கமாட்டார்கள் என்று காரணத்தையும் டால்பியே சொன்னார். பொறியாளர் சென் கடைசிவரை வெறும் சிப்பாய்.

எகிப்தில் காவல் பணி முடித்து, 1916 மார்ச்சில் பட்டாளம் பிரான்சுக்கு வந்தது. மே 22 இரவு, பதுங்குகுழிகளுக்கு முன்னால் முள்கம்பி கட்டப் போன குழுவில் சென் இருந்தார். குண்டுச் சிதறல் முதலில் காலிலும் பிறகு கழுத்திலும் பாய்ந்தது. வயது 28. ஆறே வாரத்துக்குள், சோம் போர் தொடங்கிய ஜூலை 1 அன்று, சேக்காளிகளில் பெரும்பாலோர் ஒரே காலைப்பொழுதில் சாய்ந்தார்கள்.

கொலன்காம்ப் கிராமத்தை ஒட்டிய ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் சென் கிடக்கிறார். பிரெஞ்சு ஆட்சியில் பிறந்து, ஆங்கிலச் சீருடையில் மடிந்து, பிரெஞ்சு மண்ணுக்கே உரமானவர். அத்தகைய போர்க் கல்லறைகளில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல்தான். உயிரோடு இருந்தபோது எட்டாத சமம் அங்கே கிடைத்தது.

உடல் பிரான்சில், பெயர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் போர் நினைவுப் பலகையில், கண்ணாடி பிறந்த ஊரில். பலகையில் பெயரைப் படித்தவர்களுக்குக் கண்ணாடி இருப்பது தெரியாது. கண்ணாடியைப் பார்த்தவர்களுக்குப் பலகை தெரியாது. ஒரே மனிதரின் மிச்சங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

(தொடரும்)