எந்த அங்கிள்?

1/ ஓபியில் "குடும்பத்தில் யாருக்காவது இந்த வியாதி இருக்கா?"ன்னு கேட்டா இப்போ அடிக்கடி வர்ற பதில்: "அங்கிளுக்கு இருக்கு டாக்டர்." எந்த அங்கிள்? இங்கிலீஷ்காரங்களே ஒரு காலத்தில் இதைப் பிரிச்சுத்தான் சொன்னாங்க. அந்தக் கதையைச் சொல்றேன். #த்ரெட்

2/ ஆயிரம் வருஷம் முந்தைய பழைய ஆங்கிலத்தில் அம்மாவோட கூடப் பிறந்தவர் 'ஏஆம்'. அப்பாவோட கூடப் பிறந்தவர் 'ஃபேடெரா'. நம்ம தாய்மாமன், சித்தப்பா மாதிரி ரெண்டும் வேற வேற.

3/ லத்தீனிலும் அப்படித்தான். தாய்மாமன் 'அவுன்குலுஸ்', சித்தப்பா 'பத்ருவுஸ்'. இந்த அவுன்குலுஸ்தான் பிரெஞ்சு வழியா 'அங்கிள்' ஆச்சு. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு அங்கே பரவி, ரெண்டு உறவையும் சேர்த்து விழுங்கிடுச்சு. 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுத்தில்கூட 'ஏஆம்' உண்டு (அப்போ 'ஈம்'). அப்புறம் அது வட்டார வழக்கோட ஒதுங்கிடுச்சு.

4/ தாய்மாமன் மரியாதையும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஜெர்மானியர்கள் அக்கா தங்கச்சி பிள்ளைகளைப் பெத்த அப்பா அளவுக்கு மதிப்பாங்கன்னு கி.பி. 98-ல் ரோமானியர் டாசிட்டஸ் எழுதியிருக்கார். நம்ம திருவிளையாடலில், தாயத்தார் சொத்தைப் பிடுங்கின பையனுக்காக வழக்குரைக்க சிவன் வந்ததும் மாமனாகத்தான். எங்க அடி அண்ணாமலையில் இன்னிக்கும் காதுகுத்துன்னா மாமன் மடிதான்.

5/ இதில் டாக்டருக்கு என்ன வேலை? ஹீமோபிலியா, அதாவது அடிபட்டா ரத்தம் லேசில் நிக்காத நோய். கோளாறு எக்ஸ் குரோமோசோமில். பையனுக்கு எக்ஸ் அம்மாகிட்ட இருந்துதான் வரும். அதனால் தாய்மாமனுக்கு இருந்தா உஷாராகணும். சித்தப்பாவுக்கு இருந்தா பொதுவா பையனுக்கு அந்த வழியில் வராது. 'அங்கிள்'னு சொன்னா இந்தத் தடயமே அழிஞ்சு போகுது.

6/ 'மாமா'ன்னு சொன்னாலும் முழுசாப் பத்தாது. மாமனாரும் மாமா, அத்தை புருஷனும் மாமா, சில வீட்டில் கட்டினவரும் மாமா. சொந்தத்தில் கல்யாணம்னா ஒரே ஆள் ரெண்டு பக்கமும் உறவு. அதையும் சொல்லுங்க.

7/ பையனுக்குப் பல் பிடுங்கும் முன்னாடி, சுன்னத், ஆபரேஷன் எதுக்கும் முன்னாடி, "அம்மாகூடப் பிறந்த மாமாவுக்கு ரத்தம் நிக்காம போச்சு"ன்னு முழுசாச் சொல்லுங்க. அந்த ஒரு வரி போதும், முதலில் ரத்தம் உறையுற டெஸ்ட் எடுத்துடுவோம். இங்கிலீஷ் தொலைச்ச சொல் நம்மகிட்ட இன்னும் பத்திரமா இருக்கு. அதை ஆஸ்பத்திரியில் பயன்படுத்துங்க.