சொல்லில் ஒரு சோஃபி, முகத்தில் ஒரு சோஃபி

கதை முடியும்போது சோஃபியின் தலைமுடி என்ன நிறம்? ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ நாவலைப் படித்தவர்கள் செம்பொன் என்பார்கள். படத்தைப் பார்த்தவர்கள் வெள்ளி என்பார்கள். பதினெட்டு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு படைப்புகளும் எங்கே பிரிகின்றன என்பதை இந்த நிறமே சொல்லிவிடும். இரண்டையும் பலமுறை படித்தும் பார்த்தும் வந்தவள் நான். படத்தின் மேல் எனக்குத் தீராத காதலும் உண்டு, தீராத மனத்தாங்கலும் உண்டு.

ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸின் நாவல் 1986இல் வெளிவந்தது. ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது, நடமாடும் கோட்டையைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு சிறுவன் கேட்டதுதான் அதற்கு விதை. ஸ்டூடியோ ஜிப்லிக்காக ஹயாவோ மியாசாகி அதை 119 நிமிடப் படமாக்கினார். 2004இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இரண்டிலும் கதையின் எலும்பு ஒன்றுதான். தொப்பிக் கடையில் வேலை செய்யும் சோஃபியைப் பாழ்நிலச் சூனியக்காரி கிழவியாக்கிவிடுகிறாள். வீட்டை விட்டுக் கிளம்பியவள், மந்திரவாதி ஹௌலின் நகரும் கோட்டைக்குள் ஏறி, கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொள்கிறாள். எலும்பு ஒன்றென்றாலும் சதையும் உயிரும் வேறு.

நாவலின் சோஃபி மூன்று சகோதரிகளில் மூத்தவள். இங்கரி என்ற அந்த நாட்டில் மாயக்கதைகளின் விதிகளே நடைமுறை விதிகள். மூவரில் மூத்தவர் எடுத்த காரியம் விளங்காது என்பது ஊரறிந்த உண்மை. சோஃபியும் அதை அப்படியே நம்பித் தையல் நாற்காலியிலேயே தங்கிவிடுகிறாள். ஜோன்ஸும் மூன்று சகோதரிகளில் மூத்தவர் என்பதை அறியும்போது இந்தக் கற்பனையின் அடியில் கிடக்கும் வலி புரியும். படத்தில் லெட்டி என்ற ஒரே தங்கைதான், அவளும் ஒரு காட்சியோடு மறைகிறாள். இன்னொரு தங்கையான மார்த்தா இல்லை, அக்காவுக்குத் தெரியாமல் தங்கைகள் இருவரும் இடம் மாற்றிக்கொள்ளும் அழகான சதியும் இல்லை. அவர்களோடு ‘மூத்தவள்’ என்ற பாரமும் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு சோஃபியின் நாக்கு. நாவலில் அவள் தனக்கே தெரியாத சூனியக்காரி. தைக்கும்போது தொப்பிகளோடு பேசுவாள். நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவாய் என்று ஒரு தொப்பியிடம் சொன்னால், அதை வாங்கியவளுக்கு அது பலிக்கும். கைத்தடியோடு பேசிப் பேசியே அதை மந்திரக்கோலாக்கிவிடுகிறாள். அவள் மேல் விழுந்த சாபத்தை ஹௌல் பலமுறை ரகசியமாக எடுக்கப் பார்க்கிறான், அது நீங்கவில்லை. கிழவி வேடத்தில் இருப்பதே அவளுக்குப் பிடித்திருக்கிறது போலும் என்ற முடிவுக்கு வருகிறான். சூனியக்காரி போட்டது பாதி பூட்டென்றால், மீதியை ‘எனக்கு எதுவும் விளங்காது’ என்று ஓயாமல் சொல்லி அவளே போட்டுக்கொண்டாள். நாவலின் இதயம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைப் படம் எப்படிக் காட்டும்? மியாசாகி சொல்லை விட்டுவிட்டு முகத்தை எடுத்துக்கொண்டார். சோஃபி உறங்கும்போது சுருக்கங்கள் மறைந்து இளம்பெண் ஆகிறாள். அரண்மனையில் அரசரின் மந்திரவாதியான சுலிமான் அம்மையார் முன் ஹௌலுக்காக வாதாடும்போது முதுகு நிமிர்ந்து முகம் இளமையாகிறது; அவன் மேல் உனக்குக் காதல் என்று அந்த அம்மையார் சொன்ன கணமே மறுபடி முதுமை மூடிக்கொள்கிறது. பூக்கள் நிறைந்த புல்வெளியில், நீ அழகி என்று ஹௌல் சொல்லும்போதும் அப்படியே. இளையவளுக்கும் கிழவிக்கும் சியேகோ பைஷோ ஒருவரே குரல் கொடுத்திருக்கிறார். பக்கம் பக்கமாக ஜோன்ஸ் எழுதியதை ஒரு கன்னத்தின் சுருக்கம் சொல்லிவிடுகிறது. இந்த இடங்களில் என் மனத்தாங்கல் வாயடைத்துப்போகும்.

ஹௌலிடம் வந்தால் கணக்கு மாறுகிறது. கோட்டைக் கதவின் குமிழில் நான்கு நிறங்கள், நான்கு திசைகள். நாவலில் கறுப்பைத் திருப்பினால் நம் காலத்து வேல்ஸ் வருகிறது. அங்கே ஹௌல் வெறும் ஹவல் ஜென்கின்ஸ். ரக்பி நண்பர்களும், உருப்படாதவன் என்று ஏசும் அக்காவும் உள்ளவன். மாயாஜால நாயகனை அக்கா வீட்டு வாசலில் கூனிக் குறுகி நிற்கவைத்தது ஜோன்ஸின் துணிச்சல். படத்தில் அதே கறுப்பு எரியும் போர்க்களத்துக்குத் திறக்கிறது. பறவை உருவெடுத்துப் பறந்து போகும் ஹௌல், ஒவ்வொரு முறையும் மனிதனாகத் திரும்பச் சிரமப்படுகிறான்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. 2003 இராக் போர் மியாசாகியைக் கொதிக்கவைத்த காலத்தில் உருவான படம் இது. நான்கு வயதில் குண்டுவீச்சிலிருந்து குடும்பத்தோடு தப்பி ஓடியவர் அவர். ஜோன்ஸும் போர்க் குழந்தைதான். 1939இல் ஐந்து வயதில் வேல்ஸில் உள்ள தாத்தா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஒரே உலகப் போர் ஜோன்ஸின் கறுப்புக் கதவின் பின்னே வேல்ஸை வைத்தது, மியாசாகியின் கதவின் பின்னே தீயை வைத்தது. ஆனாலும் படத்தின் போர் யாருக்கும் யாருக்கும், எதற்காக என்பது தெளிவாவதில்லை. முடிவில் சுலிமான் ஒரு வார்த்தை சொல்ல, அது நின்றும்விடுகிறது. அவ்வளவு கோபத்துக்கு இந்த முடிவு போதாது.

படம் நாவலைத் தாண்டிப் போன இடம் பாழ்நிலச் சூனியக்காரி. நாவலில் அவள் அழிக்கப்பட வேண்டிய பகை. படத்திலோ சக்தி பறிக்கப்பட்டு, நினைவு மங்கிய கிழவியாகிறாள். தன்னைச் சபித்த அவளுக்குச் சோஃபி கரண்டியால் ஊட்டிவிடுகிறாள். மன்னிப்பு என்ற சொல் எங்கும் வருவதில்லை. ஊட்டும் கைதான் தெரிகிறது.

முடிவில் இரண்டும் ஒரு கணம் நெருங்கி வருகின்றன. நாவலில், பேச்சாலேயே உயிர் கொடுக்கவல்ல சோஃபி, கால்சிஃபரைப் பேசியே வாழவைத்து, அதனிடம் இருந்த ஹௌலின் இதயத்தை மீட்கிறாள். படத்திலும் கால்சிஃபர் நெடுங்காலம் வாழட்டும் என்று வேண்டியபடியே இதயத்தை ஹௌலின் மார்பில் அழுத்துகிறாள், அது பலிக்கிறது. இழந்துவிட்டதாக நான் வருந்திய நாக்கு அந்த ஒரு வாக்கியத்தில் மிஞ்சியிருக்கிறது.

நானும் என் வீட்டில் மூத்தவள். ‘எனக்கு விளங்காது’ என்பது என் வாயிலிருந்தே வந்த சாபம் என்று கல்லூரி நாட்களில் எனக்குச் சொன்னது நாவல். அதன் சோஃபிக்குப் பழைய செம்பொன் முடி திரும்புவது நியாயம். அவளிடமிருந்து பறிபோனது அவளிடமே வந்து சேர்கிறது. படத்தின் சோஃபி வெள்ளி முடியோடு இளமைக்குத் திரும்புகிறாள். கிழவியாக இருந்த நாட்களில் கற்ற துணிவை அவள் கழற்றி வைக்கவில்லை. என் தலையிலும் நரை தெரியத் தொடங்கியிருக்கிறது. நாவலை இன்றும் கூடுதலாக நேசிக்கிறேன். ஆனால் கண்ணாடி முன் நிற்கும்போது நினைவுக்கு வருவது அந்த வெள்ளி முடிதான்.